எழுபது சென்டிமீட்டர்

செத்த பையன் நன்றாக வாசிக்கிறான்.
பாதிரியார் பேரேட்டில் அப்படித்தான் குறித்திருக்கிறார்:
குஸ்தா ஹௌதபெரா, வயது பதினைந்து,
வாசிப்பு நன்று, மனப்பாடம் சுமார்.
அதே தேவாலயத்தின் அடக்கப் புத்தகத்தில்
அதே குஸ்தா, அதே தாய், அதே தகப்பன்,
ஒன்றே முக்கால் வயதில்
பஞ்சக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான்.

போன பிள்ளையின் பெயரை
அடுத்த பிள்ளைக்கு வைப்பது இங்கே வழக்கம்தான்.
பிறந்த தேதியையுமா வைப்பார்கள்?

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
எனக்கு மணிக்கு நாற்பத்தைந்து யூரோ
அதற்குத்தான்.
தௌனோ ஹௌதபெரா முன்பணமே கொடுத்துவிட்டார்.
பண்ணைக்கு இருநூறாவது ஆண்டு,
சதுப்பு நிலத்தில் முப்பத்தொரு காற்றாலைகள் வரப்போகின்றன,
கையெழுத்து விருந்தில் ஆளுக்கொரு பிரதி,
தோல் அட்டை போட்ட வம்சப் புத்தகம்.
“ஆண் வழி மட்டும் போதும் கெர்த்து.
மற்றதைக் கிளற வேண்டாம்.”

கிளற வேண்டாம் என்று சொன்னால்
எனக்கு விரல் அரிக்கும்.

வாசா ஆவணக் காப்பகம், இரண்டாம் மாடி.
ஏழைகள் கணக்கைக் கேட்டு வாங்கினேன்.
பஞ்சம் முடிந்த கையோடு அநாதைகளை ஏலம் விட்டிருக்கிறார்கள்.
தலைகீழ் ஏலம்:
யார் குறைந்த கூலி கேட்கிறாரோ
அவருக்குப் பிள்ளை.
எல்யாஸ், மூன்று வயது, சட்டை ஒன்று, கிழிந்தது.
எடுத்தவர்: ஹௌதபெரா வீடு.
பிறகு எல்யாஸ் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
சாகவில்லை. ஊர் மாறவில்லை.
ஒரு பெயரைக் கழற்றி
இன்னொன்றை மாட்டிக்கொண்டான்.
அளவு சரியாக இருந்திருக்கும்.

வாரிசு இல்லையென்றால் பண்ணை தம்பிக்கு.
தம்பி யல்மாரி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று, மார்ச்,
பாதிரியாரின் அதே சாய்ந்த கையெழுத்து:
யல்மாரி. ஏரிப் பனி உடைந்து மூழ்கினான்.

இதுவரை பழங்கதை.
இவ்வளவு பழைய பொய்யை எந்தக் கோர்ட்டும் சீண்டாது.
மூடி வைத்திருப்பேன்,
கோப்பின் முகப்பில் ஒட்டியிருந்த
இரவல் சீட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால்.
எனக்கு முன்னால் ஒரே ஒரு கையெழுத்து:
வெய்க்கோ சல்மேலா, பதினோரு வருஷம் முன்பு.

வெய்க்கோவை எனக்குத் தெரியும்.
இதே தொழில். என் ஆட்களை இழுத்துக்கொண்டவர்.
மீன் வாடையே ஆகாது அவருக்கு;
சங்கத்து விருந்தில் சால்மன் சூப் வந்தால்
நாற்காலியோடு நகர்ந்து உட்காருவார்.
தூண்டில் போடப் போய்ப் பனி உடைந்து செத்தார் என்று
பேப்பரில் படித்தபோது
நான் சிரித்தேன்.
ஆமாம், சிரித்தேன். வெய்க்கோவாவது, மீனாவது என்று.
மாதம் என்னவென்று பார்க்கத் தோன்றவில்லை.

மார்ச்.
சீட்டில் உள்ள தேதியிலிருந்து ஆறாம் நாள்.

மிரட்டிப் பணம் கேட்டாரோ,
நல்ல மனதோடு உண்மையைச் சொன்னாரோ, தெரியாது.
பொய்க்குக் காலாவதி உண்டு.
கொலைக்கு இந்த நாட்டில் கிடையாது.

மேஜைமேல் போன் நடுங்கியது.
“எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள்?”
“குஸ்தா வரைக்கும்.”
கொஞ்ச நேரம் தௌனோவின் மூச்சு மட்டும்.
“சனிக்கிழமை பண்ணைக்கு வாருங்களேன்.
ஏரியில் பெர்ச் நன்றாகக் கடிக்கிறது.
துளை நானே போட்டு வைக்கிறேன்.”

வருகிறேன் என்றேன்.
வெள்ளிக்கிழமை விடியுமுன்பே
எதிர்க்கரையிலிருந்து ஏரிமேல் நடந்தேன்,
தோளில் துரப்பணம், பையில் அளவுகோல்.
துரப்பணம் இறங்கிக்கொண்டே இருந்தது.
என் முழங்கை வலித்த பிறகுதான் தண்ணீர் வந்தது.

திறந்ததும் காப்பகத்துக்குள் போனேன்.
வெய்க்கோவுக்குக் கீழே என் பெயர், என் தேதி.
‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும்,
யாரும் நிரப்புவதில்லை.
பென்சிலில் எழுதினேன்,
இங்கே மை அனுமதி இல்லை:

மார்ச் பதினான்கு. ஹௌதபெரா ஏரி.
பனி எழுபது சென்டிமீட்டர். நானே அளந்தேன்.
மர லாரி தாங்கும்.